அழகுசாதன முகப்பில் வாடிக்கையாளர் என்ன எதிர்பார்க்கலாம்?

உதட்டுச்சாயம் ஒன்று வாங்கப் போனவர் ஐந்து பொருள்களுடன் வீடு திரும்புகிறார். இன்னொருவர் பத்து நிமிடம் முகப்பின் முன் நின்றும், “என்ன வேண்டும்?” என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாமவர் தமது நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன் கேட்கிறார். ஊழியரோ முகத்தை வெளுப்பாக்கும் சீரம் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

தீபாவளிக்கோ திருமணத்துக்கோ ஒப்பனைப் பொருள் வாங்க ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் சென்றுவந்தவர்களில் பலருக்கும் இவற்றில் ஒன்றாவது பழகிய அனுபவமாக இருக்கும். அங்கு எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம், பொருள் சரியில்லை என்றால் யாரிடம் போகலாம் என்பது தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், மனக்கசப்பும் மிஞ்சாது.

முகப்பில் நிற்பவர் யாருடைய ஊழியர்?

வாசலுக்குள் நுழைந்ததும் நறுமணமும் கண்ணாடி முகப்புகளும் வரவேற்பது பல்பொருள் அங்காடிகளின் பழைய வழக்கம். லண்டனில் 1909ல் திறக்கப்பட்ட செல்ஃப்ரிட்ஜஸ், நறுமணப் பொருள்களையும் ஒப்பனைப் பொருள்களையும் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிக் கடைகளுள் ஒன்று. மாதிரிப் பொட்டலம் தருவதையும், வாங்கினால் அன்பளிப்பு கொடுப்பதையும் விற்பனை உத்தியாகப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 1946ல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய எஸ்டீ லாடர். முகத்தைத் தொட்டுப் பூசிக்காட்டி விற்கும் முறையும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

சிங்கப்பூரில் 1932ல் தொடங்கிய டாங்ஸ், 1993ல் நீ ஆன் சிட்டியில் திறக்கப்பட்ட தக்காஷிமாயா போன்ற கடைகளின் அழகுசாதனத் தளங்களும் இதே வழியில் வந்தவைதான்.

இத்தகைய தளங்களில் பல முகப்புகளை அந்தந்த நிறுவனமே நடத்துகிறது. இடம் மட்டும் அங்காடியுடையது. ‘அழகு ஆலோசகர்’ என்ற அட்டையுடன் நிற்பவர் பெரும்பாலும் அந்த ஒப்பனை நிறுவனத்தின் ஊழியர். அவருக்கு மாதச் சம்பளத்துடன் விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகையும் உண்டு. மாத இலக்கும் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி குழப்பம் தீரும். அவர் வேறொரு நிறுவனத்தின் பொருளைப் பரிந்துரைக்க மாட்டார். ஒன்று கேட்டால் மூன்று காட்டுவார். அதில் வஞ்சகம் இல்லை. அது அவருடைய வேலை. ஆனால், அவர் சொல்வது விற்பனை ஆலோசனைதான், மருத்துவ ஆலோசனை அன்று என்பதை வாடிக்கையாளர் மறக்கக்கூடாது.

நல்ல சேவைக்கு அடையாளம்

நல்ல ஊழியர் பொருளை எடுப்பதற்கு முன் கேள்விகளைக் கேட்பார். தோல் வறண்டதா, எண்ணெய்ப் பசை உள்ளதா? இப்போது என்ன பூசுகிறீர்கள்? ஒவ்வாமை உண்டா? எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்விகள் இல்லாமல் நேராக விலை உயர்ந்த தொகுப்பைக் காட்டுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

முகத்தைத் தொடுவதற்கு முன் அவர் அனுமதி கேட்க வேண்டும். விலையைக் கேட்டதும் சொல்ல வேண்டும். ஒப்பனை செய்து காட்டுவது இலவசமா, கட்டணம் உண்டா, அந்தக் கட்டணத்தைப் பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்வார்களா என்பதை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வாடிக்கையாளரே நாற்காலியில் அமரும் முன் கேட்டுவிடலாம். அப்படிக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

உடையையோ வயதையோ தோல் நிறத்தையோ பார்த்து, ‘இவர் வாங்க மாட்டார்’ என்று முடிவுகட்டி ஒதுக்குவது மோசமான சேவை. வரிசை முறை மீறப்பட்டால், “நான் இவருக்கு முன்பே வந்தேன்” என்று அமைதியாகச் சொல்லலாம். அதன் பிறகும் கவனிக்காவிட்டால் அங்காடியின் வாடிக்கையாளர் சேவை முகப்பில் நேரத்தையும் முகப்பின் பெயரையும் குறிப்பிட்டுப் புகார் அளிக்கலாம்.

நிறம் பார்ப்பது எப்படி?

தமிழ்ப் பெண்களில் பலர் ஏமாறும் இடம் ஃபவுண்டேஷன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது; கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். இதற்குக் காரணம் பெரும்பாலும் நிறத்தைத் தேர்ந்தெடுத்த முறைதான்.

புறங்கையில் பூசிப் பார்ப்பதால் பயனில்லை. கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றல்ல. தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டி, அடுத்தடுத்த மூன்று நிறங்களைக் கோடாக இழுக்கச் சொல்ல வேண்டும். எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுவே சரியான நிறம்.

தெற்காசியத் தோலில் வாயைச் சுற்றியும் கண்ணின் கீழும் நெற்றியிலும் நிறம் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே, கன்னத்தின் நடுப்பகுதியை மட்டும் வைத்து முடிவு செய்தால் முகம் வெளுத்துத் தெரியும். தோலுக்கு அடியில் தெரியும் சாயலும் முக்கியம். மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயல் உள்ளவருக்கு இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஃபவுண்டேஷன் பொருந்தாது.

அங்காடி விளக்குகள் நிறத்தை மாற்றிக் காட்டும். பூசிய பிறகு வாசலுக்கு வெளியே சென்று பகல் வெளிச்சத்தில் சிறிய கண்ணாடியில் பார்ப்பது நல்லது. சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் சற்றுக் கருமையாகும். அரைமணி நேரம் கடைத்தொகுதியைச் சுற்றிவிட்டு மீண்டும் வந்து வாங்கலாம். டைட்டேனியம் டையாக்சைடு, ஸிங்க் ஆக்சைடு உள்ள சில சூரிய ஒளித் தடுப்புக் களிம்புகள் கருநிறத் தோலில் வெண்மைப் பூச்சுபோல் தெரியும். அவற்றையும் பூசிப் பார்த்தே வாங்க வேண்டும்.

தமக்கேற்ற நிறம் முகப்பில் இல்லை என்றால் குறை வாடிக்கையாளரின் தோலில் இல்லை. 2017ல் அறிமுகமான ஃபென்டி பியூட்டி, தொடக்கத்திலேயே 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் வெளியிட்டது. அதன் பிறகு மற்ற பல நிறுவனங்களும் கருநிறங்களின் எண்ணிக்கையைக் கூட்டின. எனினும், ஒரு நிறுவனம் தயாரிக்கும் எல்லா நிறங்களும் எல்லா நாட்டு முகப்புகளுக்கும் வருவதில்லை. “உங்கள் நிறுவனத்தில் இதைவிடக் கருமையான நிறம் உண்டா? வரவழைக்க முடியுமா?” என்று கேட்கலாம். ‘ஏறத்தாழப் பொருந்தும்’ என்ற பதிலுக்காக ஒரு போத்தல் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

கேட்காத ‘வெளுப்பு’ ஆலோசனை

நிறப் பொருத்தம் கேட்டவருக்கு வெளுப்பாக்கும் பொருளைக் காட்டுவது இன்றும் நடக்கிறது. பல ஊழியர்கள் அதைத் தவறாக நினைப்பதுகூட இல்லை. 2020ல் யூனிலீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றியது. லோரியல் நிறுவனமும் வெண்மை, சிவப்பழகு போன்ற சொற்களைத் தன் பொருள்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. இருப்பினும், பெயர் மாறிய வேகத்தில் பேச்சு மாறிவிடவில்லை.

பருத்தழும்பும் கரும்புள்ளியும் வேறு. பிறவி நிறம் வேறு. முன்னதற்குத் தீர்வு கேட்பது வாடிக்கையாளரின் விருப்பம். பின்னதற்கு ‘தீர்வு’ தேவையே இல்லை. “என் நிறத்தை மாற்ற வரவில்லை, என் நிறத்துக்கு ஏற்றதைத்தான் கேட்டேன்” என்ற ஒரே வரி போதும். மகளை அழைத்துச் செல்லும் தாய்மார்கள் இதைச் சொல்லிக் கேட்பது, பதின்ம வயதுப் பிள்ளையின் மனத்தில் நீண்டநாள் நிற்கும்.

உடனடியாக வெளுப்பு தருவதாகக் கூறி, முத்திரையோ விவரமோ இன்றி விற்கப்படும் களிம்புகளைத் தொடவே கூடாது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவை அத்தகைய களிம்புகளில் கண்டறியப்பட்டு, சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது.

சோதனைப் பொருளும் தூய்மையும்

பலர் தொட்ட சோதனைப் போத்தலை நேரடியாக முகத்தில் பூசக்கூடாது. களிம்பை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கரண்டியால் எடுக்க வேண்டும். உதட்டுச்சாயத்தின் மேற்பகுதியைத் துடைத்துக் கிருமிநாசினி தெளித்து, தனித் தூரிகையால் பூச வேண்டும். மஸ்காராவுக்கு ஒவ்வொருவருக்கும் புதிய தூரிகை வேண்டும். இவற்றைக் கேட்டால் நல்ல முகப்பில் முகம் சுளிக்க மாட்டார்கள். கண்ணில் தொற்றோ உதட்டில் புண்ணோ இருந்தால் வாடிக்கையாளரும் சோதனைப் பொருளைத் தொடாமல் இருப்பதே மரியாதை.

தோல் எளிதில் எரிச்சலடைபவர்கள் மாதிரிப் பொட்டலம் கேட்டு வாங்கி, முழங்கையின் உட்பக்கத்தில் தடவி ஓரிரு நாள் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மாதிரி தருவது கடையின் விருப்பம்; அதை உரிமையாகக் கோர முடியாது. கேட்பதில் தவறில்லை.

வாங்காமல் எழுந்து வரலாமா?

வரலாம். “அரைமணி நேரம் செலவழித்துப் பூசிவிட்டார், ஒன்றாவது வாங்காமல் எப்படி வருவது?” என்ற கூச்சம் நம்மவர்களிடம், அதிலும் மூத்த பெண்களிடம், அதிகம். அந்தக் கூச்சமே பல பைகளை நிரப்புகிறது. “நன்றி, யோசித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி, பொருளின் பெயரையும் நிற எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். மீண்டும் வரும்போது அதே ஊழியரிடம் வாங்கினால் அவருடைய உழைப்புக்கும் பலன் கிடைக்கும்.

ஆலோசனை கேட்பது வேறு, அழுத்தம் கொடுப்பது வேறு. தகாத அழுத்தம் கொடுத்து வாங்க வைப்பதைச் சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் நியாயமற்ற நடைமுறையாகப் பட்டியலிடுகிறது. அச்சட்டம் 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது.

உறுப்பினர் அட்டைக்காகத் தொலைபேசி எண், பிறந்தநாள் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். அடையாள அட்டை எண்ணைப் பொதுவாகக் கேட்கக்கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது.

முகப்பில் தொடங்கும் பேச்சு, முக அழகுச் சிகிச்சைக்கான முன்பணத் தொகுப்பில் முடிவதும் உண்டு. பெரிய தொகையை அன்றே கட்டாமல் வீட்டில் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. ‘கேஸ்டிரஸ்ட்’ அங்கீகாரம் உள்ள நிலையமா என்றும் பார்க்க வேண்டும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் ஒப்பனைப் பொருளை விற்கும் நிறுவனம், விற்பனைக்கு முன் அதைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். இது அறிவிப்பு மட்டுமே; ஆணையம் அப்பொருளைச் சோதித்து ஒப்புதல் அளித்துவிட்டது என்று பொருளில்லை. பாதுகாப்புக்கு நிறுவனமே பொறுப்பு. ஆகவே, “ஆணையம் அங்கீகரித்த களிம்பு” என்று ஊழியர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம்.

சேர்பொருள் பட்டியல், தயாரித்த நாடு, தொகுதி எண், உள்ளூர் விற்பனைக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். 30 மாதங்களுக்கும் குறைவாகத் தாங்கும் பொருளில் காலாவதித் தேதி கட்டாயம். திறந்த டப்பா படத்தில் 12எம் என்றிருந்தால், திறந்த 12 மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று பொருள்.

பொருள் சரியில்லை என்றால்

மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. திறந்த ஒப்பனைப் பொருளைத் தூய்மை கருதிப் பெரும்பாலான கடைகள் திரும்பப் பெறுவதில்லை. எனவே, பணம் கட்டும் முன் “நிறம் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குவது பாதுகாப்பு.

குறைபாடுள்ள பொருளுக்கு நிலைமை வேறு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் லா’ விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, பொதுவாக விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள் கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கோரலாம். உடைந்த பம்ப்பும் காலாவதியான களிம்பும் குறைபாடுகள். ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. ஆயினும் எரிச்சல், வீக்கம் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம்.

எங்கே புகார் அளிப்பது? பற்றுச்சீட்டில் யார் பெயர் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும். பணம் அங்காடியின் காசாளரிடம் கட்டப்பட்டு, சீட்டும் அதன் பெயரில் இருந்தால், ‘நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள்’ என்று அங்காடி கைகழுவுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முகப்பின் மேற்பார்வையாளர், பிறகு அங்காடி நிர்வாகம், அதற்கும் தீராவிட்டால் ‘கேஸ்’ எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் என்ற வரிசையில் செல்லலாம்.

கடைசி வழி, சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் இணங்கினால் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. பற்றுச்சீட்டு, பெட்டி, புகைப்படம், குறுஞ்செய்தி ஆகியவற்றை எறியாமல் வைத்திருந்தால்தான் அங்கே பேச்சு நிற்கும்.

மரியாதை இரு பக்கமும்

நாள் முழுதும் நின்றபடி வேலை செய்யும் ஊழியருக்கும் எதிர்பார்ப்பு உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல் விருந்துக்குப் போகும் முன் இலவச ஒப்பனைக்காக அமர்வது, சோதனைப் போத்தலைக் காலி செய்வது, நிறுவனம் வகுத்த கொள்கைக்காக ஊழியரைத் திட்டுவது ஆகியவை தவிர்க்க வேண்டியவை. நன்றாகக் கவனித்தவரின் பெயரைக் குறித்து நிர்வாகத்துக்கு இரண்டு வரி பாராட்டு எழுதினால், அது அவருடைய வேலைக்கு உதவும். அடுத்த முறை அதே முகப்புக்குப் போகும்போது, கூட்டத்துக்கு நடுவிலும் அவர் முகம் மலர்ந்து வரவேற்பார்.