ஜூலை 1-இல் பிறந்தவர் எந்தப் பக்கம்?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் போகிறவர்கள் 'டேன்டீ' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வர முடியாது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்தான் அது. 1968-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1976-இல் கழகம் ஆனது. இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே இந்தத் தோட்டங்கள் போடப்பட்டன. அரசுக் காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்', ஊர்ப் பேச்சில் 'சிலோன்காரங்க'. (பலர் பிறந்ததே இலங்கையில்தான். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் 'திரும்புவது' என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை போலும்!)

இவர்கள் கதையை அரசியலாகச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் அதைத் தேதிகளின் கதையாகவும் சொல்லலாம். ஒரு தேதி இரண்டு தேதிகளுக்கு நடுவில் வருகிறதா, இல்லையா? புரோகிராமிங் படிக்கிற எல்லோரும் எழுதுகிற, முதல் தடவை பெரும்பாலும் தப்பாகவே எழுதுகிற சோதனை இது. இங்கே அதற்கு உட்பட்டது லட்சக்கணக்கான மனிதர்கள்.

1948-இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்' என்று ஒரு சிறிய கதவைத் திறந்தார்கள். 1946 ஜனவரி 1-க்கு முன்னால் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒருவருக்கு 1939 ஜனவரி 1 முதல், மற்றவருக்கு 1936 ஜனவரி 1 முதல். சுலபம்தானே என்று தோன்றும். சிக்கல் 'தொடர்ச்சியாக' என்ற சொல்லில் இருந்தது. நடுவில் 12 மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். அப்பா சாகக் கிடக்கிறார் என்று புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போய்த் தங்கிவிட்டவர் கதி? முதல் தேதியும் கடைசித் தேதியும் சரியாக இருந்தாலும் போதாது, நடுவில் ஓட்டை இருக்கக் கூடாது. அதை நிரூபிக்க வேண்டியதும் அந்தக் கூலித் தொழிலாளியேதான். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனதில் சுமார் 1,34,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட நாள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று வைத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். (1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதி ஆக்கினார்கள். கடலை மிட்டாயைக்கூட அவ்வளவு சரியாக உடைக்க முடியாது.) ஆனால் அக்டோபர் 30-க்குப் பிறகும் குழந்தைகள் பிறந்துகொண்டுதானே இருக்கும்? அதற்காக 'இயற்கைப் பெருக்கமும் சேர்த்து' என்று ஒரு வரி போட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் 31-ஆம் தேதி பிறந்த குழந்தை எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

இந்தியப் பக்கத்திலும் ஒரு கோடு உண்டு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை, அதன் பின் வந்த திருத்தங்களோடு பாருங்கள். 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ, ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், ஒருசில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் கடுமை.

'அன்றோ அதற்குப் பிறகோ, ஆனால் முன்.' வக்கீல் தமிழ் மாதிரி இருந்தாலும் புரோகிராமர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் இது. தொடக்கத் தேதி உள்ளே, முடிவுத் தேதி வெளியே. அடுத்த வரம்பு அதே முடிவுத் தேதியில் தொடங்கும். யாரும் இரண்டு பக்கமும் விழ மாட்டார்கள், நடுவில் இருக்கிற சந்திலும் விழ மாட்டார்கள். எண்களுக்கு இந்த முறைதான் நல்லது என்று எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய குறிப்பு கணினித் துறையில் பிரபலம்.

இதையே 'ஜனவரி 26 முதல் ஜூன் 30 வரை' என்று எஸ்.க்யூ.எல்.லில் 'பிட்வீன்' போட்டு எழுதினால்? அந்தக் காலத்தில் தேதியோடு நேரமும் இருந்தால், வெறும் 'ஜூன் 30' என்பது அன்று நள்ளிரவு 12 மணி ஆகிவிடும். காலை 10 மணிக்குப் பிறந்த குழந்தை வரம்புக்கு வெளியே! தேதியை வெறும் எழுத்தாக வைத்திருந்தால் இன்னும் மோசம். 01/07/1987, 30/06/1987 இரண்டையும் எழுத்துகளாக ஒப்பிட்டால் ஜூலை 1 முன்னால் வந்துவிடும், 0 என்பது 3-ஐ விடச் சிறியதாச்சே. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் அந்த வரிசையைத்தான் சொல்கிறது.

நம்மூரில் இன்னொன்றும் உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். ஜூலை 1 அதிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகப்படி இன்னும் ஜூன் 30-இன் கிழமைதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீட்டில் பாட்டி சொல்லும் கிழமையை வைத்துத் தேதி கண்டுபிடித்தால் ஒரு நாள் தவறிப் போகலாம்.

ஒரு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நுவரெலியா தோட்டம் ஒன்றில் அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 1975-இல் ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்தார். தம்பி 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து மண்டபம் முகாமில் அகதியானார். அண்ணன் பிள்ளை 1988-இல் குன்னூரில் பிறந்தால் குடிமகன், ஏனென்றால் அப்பா குடிமகன். தம்பிக்கு முகாமிலேயே 1986-இல் ஒரு மகள், 1988-இல் ஒரு மகன். மகள் கோட்டுக்கு இந்தப் பக்கம். இப்படி 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். 1988-இல் பிறந்த அந்த மகனுக்கோ, பிறந்தது இந்திய மண்ணில் என்றாலும், பெற்றோரில் ஒருவரும் குடிமகன் இல்லை என்பதால் 3-ஆம் பிரிவு உதவாது.