நட்சத்திரம் பார்க்க காரில் போகிறீர்களா? எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம்?

பள்ளி விடுமுறை. ஜொகூர் கடலோரத்தில் 2 இரவு தங்கத் திட்டம்.

"அப்பா, டெலஸ்கோப் ஒன்னு வாங்கலாமா?" என்று பிள்ளை கேட்கிறது.

இணையத்தில் தேடினால் சில பத்து வெள்ளிக்கும் கிடைக்கிறது, சில ஆயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மலிவான ஒன்றை வாங்கிவிடுகிறோம்.

முதல் இரவு... முக்காலி ஆடுகிறது. நிலாகூட ஒரு நொடி தெரிந்து, அடுத்த நொடி ஓடிவிடுகிறது.

பிறகு அந்தத் தொலைநோக்கி வீட்டின் பாம் ஷெல்ட்டரில், பழைய மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீணானது பணம் மட்டுமல்ல. "வானத்துல பாக்க ஒன்னுமில்ல" என்று பிள்ளை முடிவுகட்டிவிடுவதுதான் பெரிய இழப்பு.

அதைத் தவிர்ப்பது எப்படி? காரில் எளிதில் கொண்டுபோகக்கூடிய, கைக்கு அடக்கமான விலையுள்ள தொலைநோக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில்... எதற்குக் காரில் போகணும்?

சிங்கப்பூரின் இரவு வானம் அவ்வளவு வெளிச்சம்.

உலகின் ஒளி மாசு பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆக அதிக ஒளி மாசுள்ள நாடு சிங்கப்பூர் என்று கூறியது. இருட்டுக்குக் கண்கள் முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு இங்கு இரவு வானம் பளிச்சென்று இருக்கிறது.

நிலா, வியாழன், சனி ஆகியவற்றைப் பார்க்க அது பெரிய தடையல்ல. வீவக புளோக்கின் கீழே நின்றே பார்க்கலாம்.

ஆனால் பால்வீதி, நெபுலா என்னும் வாயு மேகங்கள், நட்சத்திரக் கொத்துகள்... இவற்றுக்கு இருட்டு வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் தொலைநோக்கியும் இருட்டுக்கு ஈடாகாது.

ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மெர்சிங் பக்கம் போனால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கிழக்கே கடல். அந்தப் பக்கம் நகர வெளிச்சம் இல்லை.

"எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?"

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல.

"முன்பக்க லென்ஸின் அல்லது உள்ளே இருக்கும் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?" - இதுதான் சரியான கேள்வி.

தொலைநோக்கியின் முதல் வேலை வெளிச்சத்தைச் சேகரிப்பது. மழைநீர் பிடிக்க வைக்கும் பாத்திரம் மாதிரி. வாய் அகலமாக இருந்தால் நிறைய நீர் சேரும்.

விட்டம் இரண்டு மடங்கானால், சேரும் வெளிச்சம் நான்கு மடங்காகும். 70 மி.மீ. தொலைநோக்கியைவிட 130 மி.மீ. தொலைநோக்கி சுமார் மூன்றரை மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கும்.

பெரிதாகக் காட்டுவது, கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின் வேலை. அதை ஐபீஸ் என்பார்கள். கணக்கு எளிது:

- தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுக்கவேண்டும்.

- 650 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 26 மடங்கு.

- அதே தொலைநோக்கியில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 65 மடங்கு.

ஐபீஸை மாற்றி மாற்றி எத்தனை மடங்கு வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் படம் தெளிவாக இருக்க எல்லை உண்டு. மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ அதைப்போல் இரு மடங்கு... அதற்குமேல் போனால் படம் பெரிதாகும், மங்கலாகவும் ஆகும்.

60 மி.மீ. தொலைநோக்கிக்கு அந்த எல்லை 120 மடங்கு. அப்படியென்றால் பெட்டியில் போட்டிருக்கும் 525?

விளம்பரம், அவ்வளவுதான்.

காரில் எவ்வளவு இடம் இருக்கு?

வாங்குமுன் காரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். குடும்பத்தோடு போனால் 2 பயணப்பெட்டி, ஐஸ் பெட்டி, பாய், மடக்கு நாற்காலி, பிள்ளையின் தள்ளுவண்டி... மிச்சம் இருப்பதுதான் தொலைநோக்கிக்கான இடம்.

வானியல் ஆர்வலர்கள் அதிகம் விரும்பும் 200 மி.மீ. டாப்சோனியன் அருமையான கருவி. ஆனால் அதன் குழாய் சுமார் 1.2 மீட்டர் நீளம். பின் இருக்கை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் எங்கே உட்காருவது?

எடையையும் பாருங்கள். ஒருவர் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு, காரிலிருந்து கடற்கரைவரை நடக்க முடியவேண்டும். மூன்று நடை நடக்கவேண்டிய கருவி, இரண்டாவது பயணத்தில் வீட்டிலேயே தங்கிவிடும்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

1. பைனாகுலர்

10x50 என்றால் 10 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் ஒவ்வொன்றும் 50 மி.மீ. இருட்டான இடத்தில் பால்வீதியை மேய இதைவிடச் சுகமானது இல்லை. காரில் கையுறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சனியின் வளையம் இதில் தெரியாது.

2. மேசைமேல் வைக்கும் டாப்சோனியன்

குட்டையான குழாய், அடியில் சுழலும் மரப்பலகை. முக்காலி கிடையாது. 100, 114, 130, 150 மி.மீ. அளவுகளில் வருகிறது. ஸ்கை-வாட்சர் ஹெரிட்டேஜ் 130 போன்ற மாடல்களின் குழாய் உள்ளே மடங்கிக்கொள்ளும். எடை சுமார் 6 கிலோ. கொடுக்கும் காசுக்கு ஆக அதிக வெளிச்சம் சேர்ப்பது இந்த வகைதான்.

குறை? நிலையான மேசையோ முக்காலியோ வேண்டும். காரின் முன்மூடிமேல் வைத்தால் ஆடும். காப்பிக்கடையில் பார்க்கும் கெட்டியான பிளாஸ்டிக் முக்காலி இருந்தாலே போதும்.

3. குட்டையான லென்ஸ் தொலைநோக்கி

70 அல்லது 80 மி.மீ. லென்ஸ், 400 மி.மீ. குவியத் தூரம். முதுகுப்பைக்குள் அடங்கும், பராமரிப்பும் குறைவு. நிலாவின் ஓரத்தில் லேசான ஊதா நிறம் தெரியும். கூடவே கொடுக்கும் முக்காலி பெரும்பாலும் மெலிசாக இருக்கும். அதைக் கவனிக்கவேண்டும்.

4. மக்ஸுடோவ்

90 அல்லது 102 மி.மீ. குழாய் ஒரு அடி நீளம்தான். நிலாவுக்கும் கோள்களுக்கும் கச்சிதம். ஆனால் ஒரே நேரத்தில் வானத்தின் சிறு பகுதிதான் தெரியும். 90 மி.மீ. மாடலைவிட 130 மி.மீ. டாப்சோனியன் சுமார் இரு மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கும்.

5. திறன் தொலைநோக்கி

இது புதுசு. சீஸ்டார், டுவார்ஃப் போன்றவை. கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது. அதுவே வானத்தைத் தேடிப்பிடித்து, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, கைத்தொலைபேசிக்கு அனுப்பும். எடை சில கிலோதான். நகரத்திலிருந்தேகூட நெபுலாக்களை வண்ணத்தில் காட்டும்.

ஆனால் கோள்கள் இதில் மிகச் சிறியதாகத் தெரியும். நீங்கள் பார்ப்பதும் திரையைத்தான்.

நம்மூருக்கு ஒத்துவராத ஒன்று

மேல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, எடைக்கல் தொங்கும் 'ஈக்குவட்டோரியல்' தாங்கியை வாங்கிவிடாதீர்கள்.

அந்தத் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பவேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 பாகை சொச்சத்தில் இருக்கிறது. இங்கு துருவ நட்சத்திரம் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். மரமோ கட்டடமோ இல்லாவிட்டாலும், அடிவானப் பனிமூட்டத்தில் அது தெரியாது. போதாக்குறைக்குப் பல மலிவான தாங்கிகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவும் முடியாது.

மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கியே போதும். டாப்சோனியன் அப்படிப்பட்டதுதான்.

சரி, அப்ப எதை வாங்கலாம்?

- 100 வெள்ளிக்கு அக்கம்பக்கத்தில்தான் பணம் இருக்கிறதா? தொலைநோக்கி வேண்டாம். நல்ல 10x50 பைனாகுலர் வாங்குங்கள். மோசமான தொலைநோக்கியைவிட அது எவ்வளவோ மேல்.

- பிள்ளைகளோடு போகும் குடும்பமா? 114 அல்லது 130 மி.மீ. மேசை டாப்சோனியன். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றது, தானே திருப்பிப் பார்க்கலாம்.

- அடுக்குமாடி வீட்டு மாடத்திலிருந்து கோள்களைப் பார்ப்பதுதான் முக்கியமா? மக்ஸுடோவ்.

- படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப ஆசையா? திறன் தொலைநோக்கி.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றால்... 130 மி.மீ. மேசை டாப்சோனியன். காரில் ஓர் இருக்கையின் காலடியில் அடங்கும் அளவு. கண்ணைவிட 300 மடங்குக்கும் மேல் வெளிச்சத்தைச் சேர்க்கும் திறன். இரண்டும் இந்த விலையில் ஒன்றாகக் கிடைப்பது அரிது.

வாங்குமுன் பார்த்துப் பழக வழி இருக்கிறதா? சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தின் வானாய்வகம் வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டும் அங்கங்களை நடத்திவந்துள்ளது. போகுமுன் அதன் இணையத்தளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்கலாமா?

தாராளமாக. பலர் ஓரிரு தடவை மட்டும் பயன்படுத்திவிட்டு விற்கிறார்கள். நேரில் போய் இவற்றைப் பாருங்கள்:

- கைவிளக்கைச் சாய்வாக அடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்காதீர்கள்.

- கண்ணாடியில் லேசான தூசி இருந்தால் பரவாயில்லை. பூச்சு உரிந்திருந்தால் வேண்டாம்.

- குழாயை மெல்லத் தட்டுங்கள். ஓரிரு நொடியில் ஆட்டம் நிற்கவேண்டும்.

காரில் கொண்டுபோகும்போது...

குலுக்கல்: கண்ணாடி உள்ள தொலைநோக்கி குலுங்கினால் கண்ணாடியின் கோணம் லேசாக விலகும். பின்பெட்டியில் உருளவிடாமல், போர்வை சுற்றி இருக்கையில் வைத்து வார் போடுங்கள். கோணத்தைச் சரிசெய்யும் முறையை வீட்டிலேயே ஒரு தடவை பழகிக்கொள்வது நல்லது.

வெயில்: உணவு சாப்பிட இறங்கும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பசையும் பிளாஸ்டிக்கும் தாங்காது.

குளிர்சாதனம்: இதைத்தான் பலரும் மறக்கிறோம். குளுகுளு காரிலிருந்து ஈரப்பதமான இரவுக் காற்றுக்கு எடுத்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படியும். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மூடியைத் திறக்காமலேயே அரை மணிநேரம் வெளியே வைத்துவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு: ஈரம் காய்ந்த பின்னரே மூடிவையுங்கள். ஐபீஸ்களை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். காற்றோட்டம் இல்லாத பாம் ஷெல்ட்டர் சரியான இடமல்ல. பூஞ்சை பிடிக்கும்.

எப்போது போகலாம்? என்ன தெரியும்?

வீட்டு நாள்காட்டியில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். அதற்கு முந்திய, பிந்திய சில நாள்கள்தான் ஆக இருட்டு.

மலேசியக் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரிவரை வடகிழக்குப் பருவமழை. அப்போது மெர்சிங் பக்கம் போவது வீண்.

- ஏப்ரல் முதல் ஜூன்வரை: தெற்கே தென்சிலுவை. அதன் வடகிழக்கே ஒமேகா சென்டோரி. கண்ணுக்கு மங்கலான புள்ளி. தொலைநோக்கியில் சர்க்கரையைக் கொட்டிவைத்ததுபோல் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள். அந்த ஒளி கிளம்பி சுமார் 17,000 ஆண்டு ஆகிறது.

- ஜூலை முதல் செப்டம்பர்வரை: விருச்சிகம், தனுசு பக்கம் பால்வீதியின் மையம். விருச்சிகத்தில் சிவப்பாகத் தெரிவதுதான் நம் முன்னோர் கேட்டை என்று அழைத்த நட்சத்திரம்.

- பிப்ரவரி, மார்ச்: ஓரியன் நெபுலாவும் கார்த்திகைக் கூட்டமும்.

ஒன்றை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இணையப் படங்களில் வருவதுபோல் நெபுலா சிவப்பாகவும் நீலமாகவும் தெரியாது. சாம்பல் நிறப் புகை மாதிரிதான் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. அது கருவியின் குற்றமல்ல.

போய்ச் சேர்ந்ததும் காரின் முன்விளக்கு, உள்விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். கண்கள் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைத்தொலைபேசியை ஒரே ஒரு தடவை பார்த்தால்கூட மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்கவேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு போதும்.

மறக்கவே கூடாத ஒன்று

தொலைநோக்கியால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை நிரந்தரமாகப் போய்விடும். மலிவான பெட்டிகளில் ஐபீஸில் திருகிப்போடும் சூரிய வடிகட்டி வந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். வெப்பத்தில் அது வெடிக்கலாம். விடிந்ததும் கருவியை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள்.

1610இல் கலிலியோ வியாழனைச் சுற்றும் 4 நிலாக்களைப் பார்த்தது, இன்று நாம் வாங்கும் 130 மி.மீ. கருவியைவிடப் பல மடங்கு சிறிய தொலைநோக்கியில்தான்.

ஆக, பெரிய கருவி தேவையில்லை. காரில் ஏறி, இருட்டான இடத்துக்கு வந்துசேரும் கருவிதான் தேவை.