பிளாட்பேக்

பிளாட்பேக் என்பது லினக்சு இயங்குதளங்களில் மேசைக்கணினிச் செயலிகளைக் கொள்கலன் முறையில் பொதி செய்து, பகிர்ந்து, நிறுவி, இயக்க உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். ஒருமுறை உருவாக்கப்பட்ட பொதி டெபியன், உபுண்டு, பெடோரா, ஆர்ச் என எந்த வழங்கலிலும் மாற்றமின்றி இயங்க வேண்டும் என்பது இதன் முதல் நோக்கம். நிறுவப்பட்ட செயலி பயனரின் கோப்புகளைத் தன் விருப்பம்போல் அணுகக் கூடாது என்பது இரண்டாவது. முதலாவது பெருமளவு நிறைவேறியுள்ளது. இரண்டாவது செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. இது சி மொழியில் எழுதப்பட்டு, எல்ஜிபிஎல் உரிமத்தின் 2.1 ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது.

பின்னணி

லினக்சு வழங்கல்களில் செயலிகள் பல பொதுவான நிரலகங்களைப் பகிர்ந்து கொள்கின்றன. இதன் பயன் பெரிது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஆர்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு வழு வெளிப்பட்டபோது, வழங்கல்கள் அந்த ஒரு நிரலகத்தைத் திருத்தி வெளியிட்டன. அதைப் பகிர்ந்து பயன்படுத்திய செயலிகள் மீண்டும் தொடங்கிய அளவில் பாதுகாப்புப் பெற்றன.

ஆனால் இரு செயலிகளுக்கு ஒரே நிரலகத்தின் இருவேறு பதிப்புகள் தேவைப்படும்போது சிக்கல் எழுகிறது. நிலையான வழங்கல்களைப் பயன்படுத்துவோர் ஒரு செயலியின் புதிய பதிப்பைப் பெற அடுத்த வெளியீடு வரை காத்திருக்க நேர்கிறது. உருவாக்குநரோ ஒரே செயலியை ஒவ்வொரு வழங்கலுக்கும் தனித்தனியே பொதி செய்ய வேண்டும், அல்லது பிறர் செய்யும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வரலாறு

இதனைத் தொடங்கியவர் ரெட் ஆட் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் லார்சன். இவர் ஏற்கனவே 2007 இல் கிளிக் என்னும் பெயரில் ஒத்த முயற்சி ஒன்றை மேற்கொண்டிருந்தார். எக்சுடிசி-ஆப் என்று அழைக்கப்பட்ட புதிய திட்டம் 2016 மே மாதத்தில் பிளாட்பேக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1.0 பதிப்பு 2018 ஆகத்தில் வெளிவந்தது. வால்வ் நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியின் மேசைக்கணினிப் பயன்முறையிலும் செயலிகளை நிறுவ இதுவே வழியாக அமைந்தது.

செயற்படும் முறை

பல செயலிகளுக்குப் பொதுவான நிரலகங்கள் இயங்குசூழல் என்னும் தனிப் பொதியாக வழங்கப்படுகின்றன. பிரீடெசுக்டாப், குனோம், கேடிஈ ஆகியவற்றின் இயங்குசூழல்கள் முதன்மையானவை. செயலியின் பொதியில் இவற்றுக்கு மேலாக அதற்குத் தேவைப்படும் நிரலகங்கள் மட்டும் சேர்க்கப்படுகின்றன.

கோப்புகள் ஓஎஸ்ட்ரீ என்னும் அமைப்பின் மூலம் சேமிக்கப்படுகின்றன. இது கோப்புகளை அவற்றின் உள்ளடக்கத்தைக் கொண்டு அடையாளம் காண்பதால், பத்துப் பொதிகளில் உள்ள ஒரே கோப்பு வட்டில் ஒருமுறை மட்டுமே இடம்பெறும். இற்றைப்படுத்தும்போதும் மாறிய கோப்புகளே பதிவிறக்கப்படும். எனினும் முதல் செயலியை நிறுவும்போது இயங்குசூழல் முழுவதையும் இறக்க வேண்டியிருப்பதால், ஒரு சிறிய கணிப்பானுக்காகப் பல நூறு மெகாபைட்டுகள் செலவாவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதுண்டு.

மணல்தொட்டி

செயலியை இயக்கும் பொறுப்பு பபிள்ராப் என்னும் சிறு நிரலைச் சார்ந்தது. இது லினக்சு கருனியின் பெயர்வெளி வசதியைப் பயன்படுத்திச் செயலிக்கெனத் தனிக் கோப்பு முறைமைத் தோற்றத்தை உருவாக்குகிறது. டாக்கர் போன்ற வழங்கிக் கொள்கலன்களுக்கும் இவ்வசதியே அடிப்படை.

செயலி வெளிக்கோப்பு ஒன்றைத் திறக்க விரும்பினால் வாயில் எனப்படும் இடைமுகத்தை அணுக வேண்டும். கோப்பைத் தேர்வு செய்யும் சாளரம் மணல்தொட்டிக்கு வெளியே இயங்கும். பயனர் தெரிவு செய்த கோப்பு மட்டுமே உள்ளே தெரியும். தனியே அனுமதி வினா எழுப்பாமல் பயனரின் தெரிவையே அனுமதியாகக் கொள்வது இவ்வமைப்பின் சிறந்த கூறு எனலாம்.

ஆயினும் வாயில்களுக்கு ஏற்ப மாற்றப்படாத பழைய செயலிகள் பல, பயனரின் இல்ல அடைவு முழுவதையும் அணுகும் அனுமதியுடனேயே வெளியிடப்படுகின்றன. அத்தகைய அனுமதியுள்ள செயலிக்கு மணல்தொட்டி பெயரளவிலானதே. எக்சு11 சாளர முறைமையில் இயங்கும் செயலி பிற சாளரங்களின் விசையழுத்தங்களைக் கவனிக்க இயலும் என்பதும் இதனுடன் சேர்த்துக் கருதத்தக்கது. வேலாண்டு முறைமையில் இக்குறை இல்லை.

பராமரிப்புப் பொறுப்பு

செயலியோடு சேர்த்துப் பொதியப்பட்ட நிரலகத்தில் பாதுகாப்பு வழு கண்டறியப்பட்டால், அதனைத் திருத்த வேண்டியவர் வழங்கலின் பராமரிப்பாளர் அல்லர், அப்பொதியை உருவாக்கியவரே. அவர் கவனிக்காது விட்டால் வழு அப்பொதியில் நீடிக்கும். இயங்குசூழல்களுக்கும் ஆயுட்காலம் உண்டு. பிரீடெசுக்டாப் இயங்குசூழலின் ஒவ்வொரு பதிப்பும் இரண்டு ஆண்டுகளே ஆதரிக்கப்படுகிறது.

இச்சிக்கல் 2025 பெப்ரவரியில் வெளிப்படையான பூசலாயிற்று. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் நிகழ்படப் பதிவுச் செயலியின் உருவாக்குநர்கள் பிளாட்கப் என்னும் முதன்மைக் களஞ்சியத்தில் தங்கள் பொதியை வெளியிட்டிருந்தனர். பெடோரா திட்டம் அதே செயலியைத் தானும் பொதி செய்து தன் களஞ்சியத்தில் வைத்திருந்தது. பெடோராவின் பொதி சரிவர இயங்கவில்லை என்றும், அதைப் பெற்றவர்கள் தங்களிடமே முறையிடுகின்றனர் என்றும் கூறிய ஓபிஎஸ் தரப்பு, பெயரை நீக்காவிடில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரித்தது. பெடோரா தரப்பிலோ, பிளாட்கப் பொதி ஆதரவுக் காலம் முடிந்த கேடிஈ இயங்குசூழலைச் சார்ந்திருப்பது சுட்டப்பட்டது; புதிய கியூட்டி பதிப்பில் இருந்த வழுக்களே அதற்குக் காரணம் என்பது ஓபிஎஸ் தரப்பின் விளக்கம். பேச்சுக்குப் பின் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. இரு தரப்பின் குறைகளும் உண்மையானவையே.

ஒத்த பொதிமுறைகள்

கெனானிக்கல் நிறுவனத்தின் ஸ்னாப், மேசைக்கணினிகளுடன் வழங்கிகளுக்கும் பயன்படுவது. அதன் களஞ்சிய வழங்கியின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. 2018 மே மாதத்தில் அக்களஞ்சியத்திலிருந்த ஒரு விளையாட்டுப் பொதியில் மறைநாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. லினக்சு மின்ட் 20 ஆம் பதிப்பு, 2020 இல், ஸ்னாப் தானாக நிறுவப்படுவதைத் தடுத்தது. மறுபுறம், உபுண்டுவின் அதிகாரப்பூர்வ வகைகள் 23.04 முதல் பிளாட்பேக்கை இயல்பிருப்பாகச் சேர்க்கமாட்டா என்று 2023 இல் அறிவிக்கப்பட்டது. ஆப்இமேச் முறையில் செயலி முழுவதும் ஒரே கோப்பாக அமையும். அதை நிறுவவே வேண்டியதில்லை, ஆனால் மணல்தொட்டி இயல்பாக அமைவதில்லை.

தமிழ்ப் பயன்பாடு

கணினியில் நிறுவப்பட்டுள்ள தமிழ் எழுத்துருக்கள் மணல்தொட்டிக்குள்ளும் படிப்பதற்கு மட்டுமான நிலையில் கிடைக்கின்றன. செயலிகளின் மொழிபெயர்ப்புகள் தனி நீட்சியாகப் பிரிக்கப்பட்டு, கணினியில் அமைக்கப்பட்டுள்ள மொழிகளுக்குரியவை மட்டுமே பதிவிறக்கப்படுகின்றன. எனவே ஆங்கிலச் சூழலில் நிறுவிய பின்னர் தமிழுக்கு மாறினால், தமிழாக்கம் உள்ள செயலியும் ஆங்கிலத்திலேயே தோன்றக்கூடும். பிளாட்பேக்கின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பொதிகளை இற்றைப்படுத்தினால் தமிழாக்கம் இறக்கப்படும்.