இடித்துரைக்காத நட்பு



பிரான்ஸ் வேர்பல் என்னும் எழுத்தாளரின் 'மூசா தாக்கின் நாற்பது நாட்கள்' 1933 ஆம் ஆண்டு வெளிவந்த ஜேர்மன் மொழி நாவல். முதலாம் உலகப் போர்க்காலத்தில் துருக்கியில் ஆர்மீனிய மக்களுக்கு நேர்ந்த பேரழிவும், அவர்களுள் சிலர் மலையொன்றின் மேல் ஏறி எதிர்த்து நின்ற வரலாறும் அதன் பொருள். அந்நாவலில் என் மனத்தை அதிகம் தொட்டது போர்க்காட்சி எதுவுமன்று. பாதிரியார் ஒருவரும் அமைச்சர் ஒருவரும் எதிரெதிரே இருந்து பேசும் அத்தியாயமே. பாதிரியார், ஜேர்மானியரான யோகானஸ் லெப்சியஸ். அமைச்சர், துருக்கியின் போர் மந்திரி என்வர் பாஷா. 1915 ஓகஸ்டில் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில் அச்சந்திப்பு உண்மையாகவே நடந்தது. பாதிரியார் மன்றாடினார், அமைச்சர் அசையவில்லை.

மன்றாடப் போனவர் ஏன் ஒரு ஜேர்மானியர்? இன்று நான் சொல்ல வந்த செய்தி அக்கேள்வியில்தான் இருக்கிறது.

1915 ஏப்ரல் 24 ஆந் திகதி தலைநகரில் ஆர்மீனியக் கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், ஆசிரியர்கள், வைத்தியர்கள் கைதாகத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான கவிஞர் தானியேல் வரூஜான் அவ்வாண்டு ஓகஸ்டில் கொல்லப்பட்டார். அனத்தோலிய ஊர்களிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். கொலையும் பசியும் நோயும் வழிநெடுகக் காத்திருந்தன. மாண்டவர் தொகை பத்து இலட்சத்துக்கும் மேல் என வரலாற்றாசிரியர் பலர் கணிக்கின்றனர்.

மே 24 ஆந் திகதியே பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் கூட்டாகக் கண்டித்தன. மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றன. ஆனால், அவை துருக்கியோடு போரிட்ட நாடுகள். எதிரியின் கண்டனத்தைப் பிரசாரமென்று தள்ளிவிடலாம். தள்ளிவிட முடியாத குரல் ஒன்றே இருந்தது. அது பணமும் பீரங்கியும் படையதிகாரிகளும் கொடுத்துத் துருக்கியைத் தாங்கி நின்ற கூட்டாளியான ஜேர்மனியின் குரல்.

ஜேர்மனி அறியாமல் இருக்கவில்லை. அலெப்போவில் இருந்த ஜேர்மன் கொன்சல் ரோஸ்லர் போன்றோர் கண்டதை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தனர். ஜூலை 4 ஆந் திகதி தூதுவர் வங்கன்ஹைம் துருக்கி அரசிடம் ஒரு குறிப்பைக் கையளித்தார். இராணுவத் தேவைக்காக மக்களை அகற்றுவதை ஆட்சேபிக்கவில்லை, ஆனால் கொலையும் கொள்ளையும் நடவாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கள்வனுக்குப் புத்தி சொன்னதைப் போன்றது இது.

அவருக்குப் பின் வந்த தூதுவர் வொல்ப் மெற்றர்னிக் வேறுவிதமான மனிதர். 1915 டிசம்பர் 7 ஆந் திகதி பேர்லினுக்கு அவர் எழுதிய அறிக்கை, ஜேர்மனி பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டும் என்றது. ஜேர்மன் பத்திரிகைகள் துருக்கியரைப் புகழ்வதை நிறுத்த வேண்டும் என்றது. நம் உதவி இல்லாவிட்டால் ஊதிப் பருத்த இந்தத் தவளை சுருங்கி விழுந்துவிடும் என்றும் எழுதினார்.

பிரதமர் பெத்மன் ஹொல்வெக் மறுத்தார். போர் நடக்கும்போது கூட்டாளியைப் பகிரங்கமாகக் கண்டிப்பது வரலாறு காணாத செயல் என்றார். ஆர்மீனியர் அழிந்தாலும் அழியாவிட்டாலும், போர் முடியும்வரை துருக்கியைத் தம் பக்கம் வைத்திருப்பதே ஒரே நோக்கம் என்று குறிப்பெழுதினார். மெற்றர்னிக் 1916 இல், துருக்கித் தலைவர்களின் வற்புறுத்தலால் திருப்பி அழைக்கப்பட்டார்.

அதே ஆண்டு ஜனவரி 11 ஆந் திகதி ஜேர்மன் பாராளுமன்றத்தில் கார்ல் லீப்னெக்ற் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். துருக்கியோடு கருத்துப் பரிமாற்றம் நடக்கிறது, விபரம் கூற இயலாது என்பதே அரசின் பதில். அவர் மேலும் தொடர முயன்றபோது சபைத் தலைவரின் மணி ஒலித்துத் தடுத்தது. லெப்சியஸ் ஓர் அறிக்கையை அச்சிட்டு ஏறத்தாழ 20,000 பிரதிகளை அனுப்பினார். ஓகஸ்டில் தணிக்கையாளர் அதற்குத் தடை விதித்தனர்.

'நெருக்கினால் கூட்டாளி கைநழுவிப் போவான்' என்ற பிரதமரின் அச்சத்தை நான் வெறும் சாட்டு என்று ஒதுக்கமாட்டேன். போரில் நிற்கும் எந்த அரசுக்கும் அந்த அச்சம் வரும். ஆனால், களத்தில் இருந்த தூதுவரின் கணிப்பு அதற்கு நேர்மாறாக இருந்தது. தாங்கி நிற்பவன் சொன்னால் தாங்கப்படுபவன் கேட்டே ஆக வேண்டும் என்றார் அவர். அவருடைய யோசனையைப் பரீட்சித்துப் பார்க்கக்கூட பேர்லின் துணியவில்லை. இரகசியக் குறிப்புகள் பல போயின. அவை ஆர்மீனியரைக் காக்கவில்லை. 'நாங்களும் சொன்னோம்' என்று பின்னாளில் காட்டுவதற்கே உதவின.

நண்பன் நெறி பிறழும்போது முன்சென்று இடித்துரைப்பதை நட்பின் கடமையாக வைத்தவர் வள்ளுவர். தனி மனிதருக்குச் சொன்னது அரசுகளுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். கண்டிக்கும் தகுதி எதிரிக்கும் இருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தும் வலிமை நண்பனுக்கே உண்டு.

ஜேர்மன் பாராளுமன்றம் 2016 ஜூன் 2 ஆந் திகதி இப்படுகொலையை இனப்படுகொலை என ஏற்று, தகவல் கிடைத்தும் தடுக்க முயலாத அன்றைய ஜேர்மன் பேரரசின் பங்கையும் ஒப்புக்கொண்டது. மெற்றர்னிக் கேட்ட பகிரங்கச் சொல் அதுதான். அது வந்துசேர நூறு ஆண்டுகள் பிடித்தன.