ஏச்சாக மாறிய இரு சொற்கள்

மனிதன் கப்பலேறும்போது அவனுடைய சொற்களும் உடன் ஏறுகின்றன. புறப்பட்ட துறைமுகத்தில் தமக்கிருந்த பொருளை இழந்து, இறங்கிய கரையில் வேறொரு பொருளை அவை பூண்டுகொள்வதும் உண்டு. அரபு மொழியில் பிறந்த ஒரு சொல்லும், தமிழோடு உறவுடைய ஒரு சொல்லும் இவ்வாறு தென்னாப்பிரிக்க மண்ணில் சந்தித்தன. இரண்டும் அங்கே ஏச்சுச் சொற்களாயின. முன்னது ஆப்பிரிக்கரைச் சுட்டது. பின்னது நம்மவரைச் சுட்டது.

முதலில் அரபுச் சொல்லைப் பார்ப்போம். 'கஃபர' என்னும் வினைக்கு மூடினான், மறைத்தான் என்பது மூலப் பொருள். விதையை மண்ணால் மூடும் உழவருக்கும் இவ்வேரிலிருந்து பெயர் உண்டு. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில் வரும் 'குஃப்பார்' என்ற பன்மைக்கு உழவர்கள் என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கொண்டனர். பாவத்தை மூடும் பரிகாரம் 'கஃப்பாரா' எனப்படுவதும் இவ்வேரின் வழியே. உண்மையை மறைப்பவன், நன்றியை மறைப்பவன் என்ற கருத்தில் 'காஃபிர்' என்பது சமயக் கலைச்சொல்லாயிற்று. அதில் நிறமும் இல்லை, குலமும் இல்லை.

ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் வாணிபம் செய்த அரபுகள், இஸ்லாத்தை ஏற்காத உள்நாட்டு மக்களை இச்சொல்லால் குறித்தனர். 1498இல் அக்கரையோரமாக வந்த போர்ச்சுகீசியர் அதைக் கேட்டு, அம்மக்களின் இனப்பெயர் என்றே கொண்டு, 'காஃப்ரே' என்று தம் மொழியில் வழங்கலாயினர். 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய டச்சுக்காரரும், பின்வந்த ஆங்கிலேயரும் அதனையே எடுத்தாண்டனர். நம்பிக்கையைக் குறித்த சொல் இவ்வாறு தோலைக் குறிக்கும் சொல்லாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஒரு நிலப்பகுதிக்கே 'பிரிட்டிஷ் காஃப்ரேரியா' என்று பெயர் சூட்டினர். நாளடைவில் எஜமானன் வேலையாளை விரட்டும் சொல்லாகவும், இழிவின் முத்திரையாகவும் அது முடிந்தது. இன்று தென்னாப்பிரிக்காவில் அச்சொல்லால் ஒருவரை ஏசுவது தண்டனைக்குரியது. காவலர்களை அவ்வாறு பலமுறை ஏசிய ஒரு பெண்மணிக்கு 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இனி இரண்டாவது சொல். 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. இவர்களுக்கு வெள்ளையர் இட்ட பெயர் 'கூலி'. உழைப்புக்குரிய ஊதியம் என்னும் நம் சொல்லே இதன் மூலம் என்பர் ஒரு சாரார். குஜராத்தின் 'கோலி' என்னும் சமூகப் பெயரே மூலம் என்பர் மற்றொரு சாரார். மூலம் எதுவாயினும், உழைத்துப் பெறும் ஊதியத்தில் இழிவு ஏது? ஆயினும் அங்கே இந்தியர் அனைவரும் கூலி எனப்பட்டனர். 1893இல் அந்நாடு சென்ற காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்றனர். 'சாமி' என்று முடியும் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு, எல்லாத் தமிழரையும் 'சாமி' என்று எள்ளலாக விளித்தனர்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தார் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூலி என்னும் பெயரிலிருந்து தப்ப விரும்பிய முஸ்லிம் வணிகர்கள் தம்மை 'அரபுகள்' என்று கூறிக்கொண்டனர். பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றனர். காந்தியடிகளின் சுயசரிதையில் இதனைக் காணலாம். கடையில் அமர்ந்தவர், கரும்புத் தோட்டத்தில் குனிந்து நின்ற தம் நாட்டாரோடு தம்மைச் சேர்த்து எண்ணவேண்டாம் என்றனர். பயன் என்ன? டிரான்ஸ்வால் அரசு 1885இல் இயற்றிய 3ஆம் எண் சட்டம், கூலிகள், அரபுகள், மலாய்க்காரர், துருக்கி ஆட்சியின் முகம்மதியக் குடிகள் ஆகிய யாவரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் குடியுரிமை மறுத்தது. பெயரை மாற்றிக்கொண்டோர் சட்டத்தின் முன் பிரிந்து நிற்க இயலவில்லை. பிறர்மீது விழும் ஏச்சைக் கண்டிக்காமல், 'அது எங்களைச் சேராது' என்று ஒதுங்குவோருக்கு வரலாறு தரும் விடை இது.

மற்றொரு கசப்பான உண்மையும் உண்டு. கூலி என்ற சொல்லால் புண்பட்ட இந்தியர் பலர், ஆப்பிரிக்கரைக் குறிக்க வெள்ளையரின் அச்சொல்லையே தயக்கமின்றி எடுத்தாண்டனர். காந்தியடிகளின் தொடக்ககால எழுத்துகளிலும் அது உண்டு. பிற்காலத்தில் அவர் வளர்ந்த உயரம் உலகறிந்தது. எனினும் அந்த வடு ஆறவில்லை. கானா பல்கலைக்கழக வளாகத்தில் 2016இல் நிறுவப்பெற்ற அவருடைய சிலை 2018இல் அகற்றப்பட்டதற்கு அவ்வெழுத்துகளும் காரணமாயின.

நல்ல சொல்லும் ஆள்பவர் கையில் கெடும் என்பதற்கும் அந்நாடே சான்று. 'பண்டு' என்னும் ஆப்பிரிக்கச் சொல்லுக்கு மக்கள் என்று பொருள். நிறவெறி அரசு அதனைச் சட்டப் பெயராக்கி, 1953இல் பண்டுக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. குறைந்த கல்விக்கும் குறைந்த உரிமைக்கும் அடையாளமானதால் மக்கள் அப்பெயரையே வெறுத்தனர். இதற்கு மாறாக, 1970களில் ஸ்டீவ் பிக்கோ போன்ற மாணவர் தலைவர்கள் 'கறுப்பர்' என்னும் சொல்லைத் தாமே தேர்ந்து பெருமையுடன் ஏற்றனர். சட்டத்தால் ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் மூவரையும் அச்சொல்லுக்குள் அழைத்தனர். முன்பு கடைக்காரர் தேடிய தப்பும் வழிக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

அப்படியாயின் எந்தச் சொல் நல்லது, எது தீயது என்று பட்டியல் இட்டுவிட்டால் போதுமா? போதாது. இலங்கையில் புத்தளம் அருகே வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களைக் காணுங்கள். போர்ச்சுகீசியராலும் பின்வந்தோராலும் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். அதே அரபு வேர்ச்சொல்லின் வழிவந்த 'காப்பிரி' என்பதே தமிழில் அவர்களுக்கு வழங்கும் பெயர். அப்பெயரைத் தம் சமூகப் பெயராகவே அவர்கள் ஏற்றுள்ளனர். ஓரிடத்தில் சிறைக்கு அனுப்பும் சொல், மற்றோரிடத்தில் பாட்டனார் விட்டுச்சென்ற பெயர்! ஆகவே பெயரின் தகுதியை அதற்கு உரியவரிடமே கேட்டறிய வேண்டும்.

மார்க்கம் இதனை முன்பே கற்பித்திருக்கிறது. 49ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பட்டப்பெயரிட்டு அழைப்பதைத் தடுக்கிறது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே அமைந்தன என்பது 13ஆம் வசனத்தின் கருத்து. நபித்தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்தார். அவ்வொருவர் அபிசீனியரான பிலால் (ரலி) என்று சில அறிவிப்புகள் கூறும். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவரைக் கண்டித்தார்கள். பணியாளருக்குத் தாம் உண்பதையும் உடுப்பதையும் கொடுக்குமாறும் கூறினார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) தம் பணியாளருக்குத் தம்மைப் போன்றே ஆடை அணிவித்திருந்ததைக் கண்டோர் காரணம் கேட்டபோதுதான் இச்செய்தியை அவரே சொன்னார். நாவின் திருத்தம் ஆடையிலும் தெரிந்தது.

நம் இல்லங்களில் இது எவ்வாறு நடைமுறையாகும்? ஒருவருடைய பெயர் தெரியுமானால் பெயரே போதும். நாடு தெரியுமானால் நைஜீரியர், கென்யர் என்று சொல்லலாம். தெரியாவிடின் ஆப்பிரிக்கர் எனலாம். நிறத்தைச் சுட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதேயில்லை. தமிழில் 'அன்' விகுதிக்கும் 'அர்' விகுதிக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறு குழந்தைக்கும் தெரியும். 'துலுக்கன்' என்று ஒருவர் நம்மை அழைக்கும்போது நெஞ்சில் தைப்பது எதுவோ, அதுவே 'கறுப்பன்', 'சப்பை மூக்கன்' என்று நம் பிள்ளைகள் பிறரைச் சொல்லும்போது அவர் நெஞ்சிலும் தைக்கும். மதரஸாவில் பாடமாகக் கற்கும் கலைச்சொல்லைத் தெருவில் அண்டை வீட்டாரை விளிக்கும் சொல்லாக்குவதும் அத்தகையதே. ஒரு சமயச் சொல் தெருவில் இறங்கினால் எங்கே போய் முடியும் என்பதைத் தென்னாப்பிரிக்கா நமக்குக் காட்டிவிட்டது. அரபு நம் வேதமொழி. கூலி நம் வீட்டுச் சொல். அவை ஏச்சாக மாறிய வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமையாகும்.