நாலாயிரம் பேர் என்று யார் சொன்னது?

போன விடுமுறையில் ஏ.எல் கலைப்பிரிவுப் பிள்ளைகள் ஏழு பேருக்கு வரலாற்று ஒப்படை எழுத உதவி செய்தோம். எல்லாருக்கும் தலைப்பு ஒன்றுதான்: எனது ஊரின் வரலாறு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர்கள்தான் வேறு. ஏழு கொப்பியையும் மேசையில் விரித்தால், ஏழிலும் இரண்டாவது பந்தியில் ஒரே வசனம்: 1626 ஆம் ஆண்டு கண்டி மன்னன் செனரத் 4,000 முஸ்லிம்களை மட்டக்களப்பில் குடியேற்றினான்.

"இது எங்கேருந்து எடுத்த?" என்று கேட்டோம். ஒருவர் டியூஷன் நோட்ஸ் என்றார். இன்னொருவர் ராத்தாட பழைய கொப்பி என்றார். ஒரு தம்பி எங்களைப் பாவமாகப் பார்த்து, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" என்றான்.

எங்களால் சிரிக்க முடியவில்லை. நாங்களும் ஏ.எல்லில் இதே வசனத்தை எழுதித்தான் புள்ளி வாங்கினோம். கம்பஸ் வந்து முதல் வருட ஒப்படையில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி விழுந்த பிறகுதான் தேடத் தொடங்கினோம். அன்று படித்ததைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் சொன்னோம். ஊர் வரலாறு எழுதப் போகும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதல் வேலை, வசனத்தின் வாப்பா யார் என்று பார்ப்பது. நோட்ஸ் ஒரு பாடநூலைப் பார்த்து எழுதியது. பாடநூல் ஓர் ஆய்வாளரைப் பார்த்து எழுதியது. ஆய்வாளர்களின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் குவேறோஸ் சுவாமியாரிடம் போய் நிற்போம். பெர்னாவோ த குவேறோஸ் ஒரு போர்த்துக்கீச இயேசு சபைப் பாதிரியார். பிறந்தது 1617 இல். அதாவது, செனரத் நம்மவர்களைக் குடியேற்றியதாகச் சொல்லப்படும் வருடத்தில் அவர் ஒன்பது வயதுப் பிள்ளை. இலங்கை பற்றிய பெரிய நூலை அவர் எழுதி முடித்தது முதுமையில், கோவாவில் இருந்துகொண்டு. 1688 இல் காலமானார். அந்த நூலை எஸ். ஜி. பெரேரா சுவாமியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது 1930 இல். அதற்குப் பிறகுதான் இந்த நாலாயிரம் நம்மட ஆட்களின் கட்டுரைகளுக்குள் தாராளமாக வரத் தொடங்கியது.

இதைச் சொன்னதும் ஒரு தங்கச்சி, "அப்போ அது பொய்யா?" என்று கேட்டா. இல்லை. போர்த்துக்கீசர் 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். கண்டியை 1604 முதல் 1635 வரை ஆண்ட செனரத் அடைக்கலம் கொடுத்தார். வெளியேற்றிய தரப்பைச் சேர்ந்த ஒருவரே, எதிரி மன்னன் இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டான் என்று எழுதி வைத்திருக்கிறார். அது பெறுமதியான சாட்சிதான். ஆனால் ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து, கடலுக்கு அப்பால் இருந்து சொன்ன சாட்சி. 4,000 என்ற முழு எண்ணை ஆள் எண்ணிப் பார்த்த கணக்காக எடுக்கக் கூடாது. "குவேறோஸ் 4,000 என்கிறார்" என்று எழுதினால் போதும். அந்த இரண்டு சொல் சேர்ந்தாலே வசனம் நேர்மையாகிவிடும்.

அடுத்து, ஊர்ப்பெயர். குவேறோஸ் சொல்லும் மட்டக்களப்பும் இன்றைய மட்டக்களப்பு மாவட்டமும் ஒன்றல்ல. அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிந்ததே 1961 இல்தான். அதற்கு முன்பு கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் மட்டக்களப்பாகத்தான் இருந்தன. ஆகவே நிந்தவூர்ப் பிள்ளை இந்தச் செய்தியைத் தன் கட்டுரையில் சேர்க்கலாம். ஆனால் வந்தவர்களில் யார் நிந்தவூரில் இறங்கினார்கள் என்பதற்கு இந்த வசனம் சாட்சி ஆகாது.

மூன்றாவது பிழைதான் பெரியது. ஏழு பேரில் நாலு பேர் அடுத்த வசனத்தில், "இவ்வாறே கிழக்கில் முஸ்லிம்கள் தோன்றினர்" என்று எழுதியிருந்தார்கள். 1626 இல் சிலர் வந்தார்கள் என்பதால் 1625 இல் யாருமே இருக்கவில்லை என்று ஆகிவிடுமா? முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்ற கதையை இந்தக் கரையில் தமிழரும் சொல்றாங்க, முஸ்லிம்களும் சொல்றாங்க. அந்தக் கதைக்கு வருடம் கிடையாது. அதற்காக அதைத் தூக்கி எறியவும் கூடாது, குவேறோஸின் செய்தியோடு ஒட்டி ஒரே மாலையாகக் கட்டவும் கூடாது. வாய்மொழி என்று பெயர் சொல்லித் தனியாக வைக்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட ஒப்படைக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கலாம். நம்மைப் பொறுத்தவரை தேவை. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆய்வுக் கட்டுரை எழுதி, றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற பேச்சு நடந்த காலம் அது. அந்த ஆசனம் 1889 இல் கிடைத்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலாகவே இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். யார் சரி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று விளங்கும்: "நீங்கள் யார்?" என்று யாராவது ஆதாரத்தோடு கேட்டால், ஆதாரத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பது அங்கே எடுபடாது. பலவீனமான வசனத்தில் வீட்டைக் கட்டினால், அதை ஒருவர் தட்டி விழுத்தும்போது உண்மையும் சேர்ந்து விழும்.

இதற்குப் பிறகு தலைப்பைச் சுருக்கச் சொன்னோம். "மருதமுனையின் வரலாறு" என்பதை யாரும் பதினைந்து பக்கத்தில் எழுத ஏலாது. "எங்கட தெருவில் கைத்தறிகள் எப்போது, ஏன் குறைந்தன?" என்பதை எழுதலாம். பதில் தெரிந்த ஆட்கள் நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். கல்முனைக்குடிப் பிள்ளைக்குக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் இருக்கிறது. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஏற்றும் கொடி அது. அந்த நாட்களில் கூடும் கடைகளைப் பற்றி மட்டுமே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம்.

வயதானவர்களிடம் பேசவும் ஒரு முறை இருக்கிறது. "எந்த வருடம்?" என்று கேட்டால் மூத்தம்மா, "என்ன மனே, அதெல்லாம் ஆருக்குத் தெரியும்?" என்பார். "வெள்ளத்துக்கு முந்தியா? சூறாவளிக்குப் பிந்தியா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். வெள்ளம் என்றால் 1957 டிசம்பர். சூறாவளி என்றால் 1978 நவம்பர். அதற்குப் பிறகு சுனாமி, 2004 டிசம்பர் 26. இந்த மூன்றும் நம்மட கரையின் நாட்காட்டி. ஒரே சம்பவத்தை இரண்டு வீட்டில் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒலிப்பதிவு செய்ய முதல் கட்டாயம் அனுமதி கேளுங்கள்.

கடதாசியும் தேடுங்கள். காணி உறுதி, கலியாணப் பதிவு, பழைய பள்ளிவாசல் கணக்குக் கொப்பி என்று எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து, யாருடையது, எப்போது எடுத்தது என்று குறித்து வையுங்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, கரையோர வீடுகளின் அலுமாரிகளையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது. மிஞ்சியதைப் படம் எடுக்கும் பிள்ளை ஒப்படையை விடப் பெரிய வேலையைச் செய்கிறது.

எழுதும்போது மூன்று வகை வசனத்தையும் கலக்காதீர்கள்: நூல் சொல்வது, ஆட்கள் சொல்வது, நாம் நினைப்பது. ஒவ்வொன்றிலும் சொன்னது யார் என்று தெரிய வேண்டும். விடுமுறை முழுக்க நாங்கள் திருத்தியது பெரும்பாலும் இதைத்தான்.

கடைசி நாளில் அந்தத் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டா: "அந்த நாலாயிரம் பேரில பொம்பிளைகள் எத்தின பேர்?"

நாங்கள் அப்படி யோசித்ததே இல்லை. நம்மட ஊர்களில் குடி தாய்வழியாக வருகிறது. வாப்பாட குடி பிள்ளைக்கு இல்லை, உம்மாட குடிதான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், வீடு மகளுக்குப் போகிறது. தாய்வழிக் குடிமுறை இதே கரையில் தமிழரிடமும் உண்டு. வந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம் என்றால், அவர்கள் இங்கே யாரை முடித்தார்கள்? உம்மாமாரின் வழி இந்த மண்ணிலேயே 1626 க்கு முந்திப் போகுமா? நாலாயிரம் என்ற ஒற்றை எண் இதற்குப் பதில் சொல்லாது. குடிப் பெயர்களை வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் போட்டால் ஏதாவது துலங்கலாம்.

அவ தலைப்பை மாற்றிவிட்டா. இப்போது உம்மம்மாவோடு உட்கார்ந்து, தன் குடும்பத்தின் ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறா. நாலு பெயர் கிடைத்துவிட்டதாம். ஐந்தாவதைச் சாய்ந்தமருதில் இருக்கும் ஒரு மாமியிடம் கேட்கப் போகிறா.