குடியிருந்த இடமும் கூடி வாழும் வாழ்வும்



நம் முன்னோர் இந்நாட்டுக்கு ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வந்தவர்கள் எங்கே குடியேறினார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு யார் யார் பழக்கம், எந்தெந்த மொழி வாயில் வரும், அவர் பிள்ளை என்ன வேலைக்குப் போகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்தது அந்த இடம்தான். நம் ஈப்போ வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், விளங்கும்.

லயத்து வாழ்க்கை

1877இல் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் காடு மேடெல்லாம் பால்மரம் ஆயிற்று. மரம் சீவ ஆள் வேண்டுமே! முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிமார் மூலமாகவும் நம்மவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கங்காணி தன் ஊரிலும் தன் சொந்தபந்தத்திலும்தான் ஆள் சேர்ப்பார். அதனால் பாதிக் கிராமமே பெயர்ந்து வந்து லயத்தில் இறங்கியது போலாயிற்று. 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்பத் தடை போடும்வரை இது நடந்தது.

லயத்தைச் சுற்றி எல்லாம் இருந்தது. பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, மளிகைக்கடை, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். இப்படிப் பிறந்தவைதாம் நம் தோட்டப் பள்ளிகள். தமிழும் திருவிழாவும் இன்றுவரை அழியாமல் நின்றதற்கு இந்தக் கூட்டுவாழ்வே காரணம். அதை மறக்கக் கூடாது.

ஆனால் அதே லயம் நம்மை அடைத்தும் வைத்தது. மலாய்க்காரர் கம்பத்தில், சீனர் ஈய லம்பத்திலும் பட்டணத்திலும், நாம் தோட்டத்தில். 1948இல் அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி, பெரும்பாலும் சீனரான ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து மக்களும் பல இடங்களில் முள்கம்பி வேலிக்குள் வாழ்ந்தார்கள். பக்கத்தில் இருந்தும் ஒருவர் வீட்டுக் கல்யாணம் மற்றவருக்குத் தெரியாது.

இதன் விலையை நாம் 1969இல் கொடுத்தோம். அப்போது வேலை பெர்மிட் முறை வந்தது. குடியுரிமைக்கு மனுப் போடவேண்டும் என்ற சேதியே லயத்துக்குள் சரியாக வந்து சேராததால், இங்கேயே காலமெல்லாம் உழைத்த பலரிடம் நீல அடையாளக் கார்டு இல்லை. பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாடு திரும்பினார்கள். வீடும் தோட்டத்துடையது. "வேலை போச்சா, வீடும் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 1957க்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் இதே கதை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரையே பங்குதாரராக்கியது, காலடி நிலம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தால்தான்.

பட்டணத்துப் பாடம்

நம் சிலிபினுக்கு அடுத்த புந்தோங்கைப் பாருங்கள். அங்கே சீனரும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். படிக்காத பாட்டியும் கடைத்தெருவில் கான்டனீஸ் பேசிச் சாமான் வாங்குவார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வாசலில் கேட்டுப் பழகியதுதான். தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடி போகும்போது பட்டணமே பார்க்கிறது.

1940களில் எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் கச்சாங் பூத்தே வியாபாரம் செய்தார்கள். கடலை, முறுக்கு, பருப்பு என்று தலையில் சுமந்து எல்லா இனத்தாருக்கும் விற்றார்கள். அவர்கள் குடியிருந்தது குனோங் சீரோ மலையடிவாரத்தில். ஏழைக்குக் கிடைத்த இடம் அது. 18-10-1973 அன்று சுண்ணாம்புப் பாறை சரிந்து வீடுகள் மேல் விழுந்து ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. எங்கே குடியேறுகிறோம் என்பது சில நேரம் உயிர்ப்பிரச்சினை! அந்தத் தொழில் பிறகு புந்தோங்கில் நிலைபெற்று இன்று நாடெங்கும் பெயர் வாங்கியிருக்கிறது.

பிற நாடுகளில்

இலங்கை மலையகத்திலும் நம்மவர் லயத்தில்தான் வாழ்ந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமை கிடைத்தது. சிங்கப்பூரிலோ 1989 முதல், அடுக்குமாடிகளில் ஒரே இனம் குவிந்துவிடாதபடி அரசாங்கமே அளவு வகுத்திருக்கிறது. ஒதுங்கிய இடத்தில் இருப்பவன் குரல் ஊருக்குக் கேட்பதில்லை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. நம்மில் பலர் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் அதுவும் ஒரு லயம்தானே? மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கே காலம் கழிக்காமல், சிறிதாயினும் சொந்த வீடு தேடுங்கள். பிள்ளை வீட்டில் நல்ல தமிழும் வெளியில் நல்ல மலாயும் பேசட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாடட்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாளக் கார்டு விஷயத்தில் ஒருநாளும் அசட்டை வேண்டாம்.

இன்னொன்று. நாம் விட்டுவந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களோடு பேசுவார் இல்லை. நம் தாத்தா பாட்டி இருந்த நிலை அது. மாணவர்களே, அவர்களைக் கண்டால் கேலி பேசாதீர்கள். ஒரு வார்த்தை நலம் விசாரியுங்கள். தாத்தா பாட்டியின் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!